மக்காச்சோளத் தண்டின் குறுக்குவெட்டிலிருந்து ஒரு சுவர்க் குவில்ட்

மக்காச்சோளத் தண்டை பிளேடால் குறுக்கே சீவி, வெட்டிய முகத்தைப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே சில புள்ளிகள் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வைத்தால் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருப்பது புரியும். நுண்ணோக்கியில் நாற்பது மடங்குக்குப் போனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முகமாகிவிடும். இரண்டு பெரிய கண்கள், கீழே ஒரு வாய். தாவரவியல் பாடநூல்களே இதை மண்டை ஓட்டு வடிவம் என்றுதான் சொல்கின்றன. வெளியே வழவழவென்று நிற்கும் ஒரு தண்டுக்குள் இத்தனை முகங்கள் அடுக்கப்பட்டிருப்பது எனக்குத் தீராத வியப்பு. அதைத் துணியில் செய்துபார்த்ததன் பதிவு இது.

செய்தது 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சிறு குவில்ட். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்ட. மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கு. மூன்றையும் ஊடுருவும் தையல்தான் அவற்றை ஒரே பொருளாக்குகிறது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979இல் ஒஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் குவில்ட் நேஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது. ஆர்ட் குவில்ட் என்று இன்று சொல்லப்படுவது அந்த வழியில் வளர்ந்த கலை. சிறிய அளவை எடுத்ததற்குக் காரணம் எளியது. மொத்தத் துணியும் சுருட்டாமல் தையல் மெஷினின் கழுத்துக்குள் நுழையும். பிடிக்காத பகுதியைப் பிரித்துத் திரும்பத் தைக்கவும் மனசு வரும்.

இந்த வேலையில் ஒரு மோதல் முதலிலிருந்தே இருந்தது. தண்டு ஒரு விதிப்படி கட்டப்பட்டிருக்கிறது: ஓரத்தில் நெருக்கம், நடுவில் தளர்வு. குவில்ட்டோ அதற்கு எதிரான விதியைக் கேட்கிறது: எங்கும் ஒரே அளவு தையல். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்தக் குவில்ட்டின் முழுக்கதை.

தண்டுக்குள் இருப்பது

முகம் போலத் தெரிவது ஒரு வாஸ்குலார் கற்றை. தண்ணீரை மேலே ஏற்றும் சைலமும், இலையில் உண்டான சர்க்கரையை மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோகும் ஃபுளோயமும் அதில் சேர்ந்திருக்கின்றன. கண்கள் இரண்டும் மெட்டாசைலம் எனப்படும், பிந்தி உருவான சைலத்தின் அகன்ற குழாய்கள். வாய் இருக்கும் இடத்தில் முதலில் புரோட்டோசைலம், அதாவது முந்தி உருவான சைலம், இருந்தது. தண்டு நீளும்போது அது இழுபட்டுக் கிழிந்து குழியாகிவிட்டது. நெற்றியில் ஃபுளோயம். இவற்றையெல்லாம் சுற்றித் தடித்த சுவருள்ள ஸ்கிலிரன்கைமா செல்கள் உறையாக நிற்கின்றன. கற்றைகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் மென்மையான பகுதி தளத்திசு. மெல்லிய சுவருள்ள பாரன்கைமா செல்களால் ஆனது.

கற்றைகள் சிதறிக் கிடப்பதாகத்தான் பாடத்தில் படிக்கிறோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அந்தச் சிதறலுக்குள் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். ஓரத்தில் கற்றைகள் சிறியவை, நெருக்கமானவை. உள்ளே போகப்போக அவை பெரிதாகி விலகி நிற்கின்றன. பெரும்பாலான முகங்களின் நெற்றி வெளியே பார்க்கிறது, வாய் தண்டின் மையத்தைப் பார்க்கிறது.

ஓரத்தில் ஏன் இந்த நெருக்கம்? ஒரு தடி வளையும்போது அதிகமான இழுப்பும் அமுக்கமும் விழுவது அதன் வெளிப்பக்கத்தில். நடு அச்சில் ஏறக்குறைய ஒன்றுமே விழுவதில்லை. திட உருளையின் விறைப்பு ஆரத்தின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. ஆரம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்கு. ஆகவே வலுவான பொருளை வெளியோரத்தில் குவித்தால் குறைந்த பொருளிலேயே தண்டு நிமிர்ந்து நிற்கும். மூங்கிலின் சுவரிலும் இதே ஏற்பாடுதான், நார்கள் வெளிப்பக்கம் நெருங்கியிருக்கும்.

தாவரத்தின் உட்புறத்தைத் துணி வேலையாகப் பார்த்தது நான் முதல் ஆள் இல்லை. ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையின் செல்களைப் படமாக வெளியிட்டார். அதன்பின் நெகமையா குரூ என்ற ஆங்கில மருத்துவர் தண்டுகளையும் வேர்களையும் வெட்டி வெட்டிப் பார்த்து, 1682இல் பெரிய தகடுகளில் வரைந்து வெளியிட்டார். பெண்கள் திண்டின் மேல் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கும் லேஸ் வேலைக்குத் தாவர உடலை ஒப்பிட்டவர் அவர். திண்டில் ஊசிகள் நிமிர்ந்து நிற்க, அவற்றுக்கிடையே நூல்கள் படுக்கையாக ஓடும். தண்டிலும் குழாய்கள் நெட்டாக நிற்க, திசு குறுக்கே ஓடுவதை அவர் அப்படிப் பார்த்தார். ஊசியும் நூலும் பிடித்துப் பழகிய யாருக்கும் அந்த ஒப்பீடு எவ்வளவு சரியானது என்று உடனே புரியும்.

எதை எடுத்தேன், எதை விட்டேன்

நுண்ணோக்கியில் எடுத்த படத்தை அப்படியே துணியில் அச்சடித்து, கோடுகளின் மேல் தைத்துவிடலாம். நல்ல குவில்ட்டுகள் அப்படியும் வந்திருக்கின்றன. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அச்சடித்த படம் ஒரு குறிப்பிட்ட தண்டின், ஒரு குறிப்பிட்ட வெட்டின் பதிவாக மட்டுமே இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தண்டு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது. ஆகவே படத்தை மூடிவைத்துவிட்டு மூன்று விதிகளை மட்டும் தாளில் எழுதிக்கொண்டேன்: உள்ளே போகப்போகக் கற்றை பெரிதாகும், இடைவெளியும் பெரிதாகும், எல்லா முகங்களும் ஒரே மையத்தை நோக்கும்.

முழு வட்டத்தையும் 30 செ.மீ. அகலத்தில் அடக்கினால் ஒவ்வொரு கற்றையும் ஒரு சட்டைப் பித்தானைவிடச் சிறியதாகிவிடும், முகம் தெரியாது. ஒரே ஒரு கற்றையைப் பெரிதாக்கினால் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் அடுக்கின் விதி காணாமல் போகும். வட்டத்திலிருந்து ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்தது இதனால்தான். தண்டின் புறத்தோல் குவில்ட்டின் மேல்பகுதியில் ஒரு வில்லாக ஓடும். தண்டின் மையம் துணிக்குள் இல்லை; கீழ் ஓரத்துக்கும் கீழே, சுவரில் எங்கோ ஓர் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டேன். எல்லா முகங்களும் அந்தக் காணாத புள்ளியை நோக்குகின்றன. பார்ப்பவர் கண் தானாகக் கீழே இறங்குவது இந்த ஏற்பாட்டால்.

வட்டங்களைச் சிதறலாக வைப்பது நினைப்பதைவிடக் கடினம். கண்ணை மூடிக்கொண்டு தூவினால் சில இடங்களில் குவியும், சில இடங்களில் வழுக்கையாகும். தண்டில் அப்படி இல்லை, ஒவ்வொரு கற்றையும் தன்னைச் சுற்றி ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது. இதற்கு ஓர் எளிய வழி உதவியது. கற்றையின் அளவுக்கு வண்ணத்தாளில் வட்டம் வெட்டி, அதைவிடப் பெரிய டிரேசிங் தாள் வட்டத்தின் நடுவில் ஒட்டினேன். டிரேசிங் தாள்கள் ஒன்றையொன்று தொடலாம், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இந்த ஒரே கட்டுப்பாட்டோடு நகர்த்தி நகர்த்தி வைத்தபோது தண்டின் சிதறல் தானாக வந்தது. சிறு வட்டம் 8 மி.மீ., பெரியது 45 மி.மீ.

துணி, நார், சாயம்

இந்தக் கட்டத்தில்தான் வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பருத்தியின் ஒவ்வோர் இழையும் விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ், தாவரச் செல் சுவரின் அடிப்படைப் பொருள். லினன் நார் ஆளிச் செடித் தண்டின் ஃபுளோயப் பகுதியிலிருந்து வருகிறது. சணலும் தண்டின் ஃபுளோய நார்தான், ஆனால் அதில் லிக்னின் கணிசமாக உண்டு; மரத்துக்கு விறைப்பைத் தரும் அதே பொருள். அதாவது தண்டின் பகுதிகளைத் துணியில் காட்டவேண்டிய எனக்கு, அந்தப் பகுதிகளின் உறவுக்காரர்களே கையில் இருந்தார்கள். தளத்திசுவுக்குப் பருத்தி மல் துணி. ஃபுளோயம் வரும் நெற்றிக்கு லினன். ஸ்கிலிரன்கைமா உறைக்குச் சணல் நூல். பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது எதை எங்கே வைக்கவேண்டும் என்ற தடுமாற்றமே எனக்கு வரவில்லை.

நிறத்தையும் ஆய்வகத்திலிருந்தே எடுத்தேன். தண்டு வெட்டுகளுக்கு சஃப்ரனின் என்ற சாயத்தை இடுவார்கள். லிக்னின் உள்ள சுவர்கள் சிவக்கும். உடன் ஃபாஸ்ட் கிரீன் இட்டால் செல்லுலோஸ் சுவர்கள் பச்சை கலந்த நீலமாகும். அந்தச் சிவப்பும் பச்சைநீலமும்தான் இந்தக் குவில்ட்டின் நிறங்கள்.

சஃப்ரனினையே துணிச் சாயமாகப் பயன்படுத்தலாமா என்று துண்டுகளில் பார்த்தேன். அது காரவகைச் சாயம், பருத்தியைப் பிடித்துக்கொள்ளாது. அலசினால் வெளிறிய ரோஸ் மட்டும் மிஞ்சும். சணலிலோ அதே சாயம் கொழுந்துவிட்ட சிவப்பாக நின்றது. லிக்னின் எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கியில் காட்டிக்கொடுக்கும் வேலையை வாளியிலும் அது செய்தது. ஆனால் இந்த வகைச் சாயங்கள் வெளிச்சத்தில் நிற்பதில்லை. சாயமிட்ட சணலின் பாதியை அட்டையால் மூடி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தால், மூடாத பாதி சீக்கிரமே பழுப்புக்கு இறங்கிவிடுகிறது. சுவரில் வருடக்கணக்கில் இருக்கவேண்டிய பொருளுக்கு இது ஆகாது. சாயம் வாங்கும்போது வெளிச்சத்தைத் தாங்கும் அளவு ஒன்று குறிக்கப்பட்டிருந்தால் கவனியுங்கள். நீலக் கம்பளி அளவுகோலில் 1 என்பது உடனே மங்குவது, 8 நெடுநாள் நிற்பது.

கடைசியில் எடுத்தது ரியாக்டிவ் சாயம். 1956இல் சந்தைக்கு வந்த இந்த வகை, சலவைச் சோடா சேர்ந்த காரக் கரைசலில் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் அலசினாலும் போவதில்லை. சணலில் அதன் சிவப்பு சற்று மங்கலாகத்தான் வந்தது. மங்கலே இருக்கட்டும், நிற்கிற நிறம்தான் எனக்கு முக்கியம்.

நெருக்கம்

வடிவமைப்பை முழுத்துணியில் தொடுவதற்கு முன் 20 செ.மீ. சதுர மாதிரித் துண்டில் ஒன்று தைத்துப் பார்த்தேன். தண்டின் விதிப்படியே, ஒரு பக்க ஓரத்தில் நெருக்கமான தையல், உள்ளே போகப்போகத் தளர்ந்த தையல். என்ன நடக்கும் என்பது குவில்ட் தைத்தவர்கள் அனைவருக்கும் தெரியும். எவ்வளவு நடக்கும் என்பதைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு தையலும் துணியை மயிரிழை அளவு உள்ளே இழுக்கிறது. தையல் நெருக்கமான பக்கம் அரை செ.மீ.க்கும் மேலாகச் சுருங்கியது. தளர்ந்த பக்கம் அதே நீளத்தில் இருந்ததால் துணி போக இடமில்லாமல் உப்பிக்கொண்டு, கிண்ணம் போல எழும்பி நின்றது.

தண்டுக்குள் ஓர நெருக்கம் வலுவைத் தருகிறது. துணியில் அதே நெருக்கம் கோணலைத் தருகிறது. தண்டில் செல்கள் வளரும்போதே தங்கள் இடத்தில் வளர்கின்றன, யாரையும் இழுப்பதில்லை. தையல் பின்னால் வந்து, ஏற்கனவே இருக்கும் துணியை இழுக்கிறது.

இங்கே விதியைத் தளர்த்தி எங்கும் சீராகத் தைத்துவிட்டால் குவில்ட் தட்டையாக இருக்கும். ஆனால் அது மக்காச்சோளத் தண்டாக இருக்காது. யோசித்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. கண் காணும் நெருக்கமும் துணி உணரும் நெருக்கமும் இரண்டு வேறு விஷயங்கள். துணிக்கு நூலின் நிறம் தெரியாது, இழுப்பு மட்டும்தான் தெரியும். கண்ணுக்கு இழுப்பு தெரியாது, நிறமும் தடிமனும் மட்டும்தான் தெரியும். இரண்டையும் தனித்தனியாக ஆளலாம்.

ஆகவே ஓரத்தில் 40ஆம் எண் நூல், அடர்ந்த பச்சைநீலம். நூலில் எண் கூடக்கூட இழை மெல்லிதாகும். 40 கண்ணில் நன்றாகப் படும். நடுப்பகுதியில் செல் சுவர்களுக்கு மட்டும் அதே நூல். பெரிய செல்களின் உள்ளே, துணியின் நிறத்திலேயே 100ஆம் எண் நூலால் சுருள் சுருளாக இன்னொரு தையல். அது கண்ணில் படாது. விரலால் தடவினால் தெரியும். ஆனால் ஓரத்தில் விழுந்த இழுப்புக்கு ஈடான இழுப்பை நடுவிலும் அது கொடுத்துவிடுகிறது. இந்த முறையில் தைத்த மாதிரித் துண்டு மேசையில் படிந்து கிடந்தது.

இன்னொரு பாதுகாப்பும் செய்தேன். ஓரத்தின் மிக அடர்ந்த வேலையை மூன்று அடுக்கிலும் தைக்கவில்லை. மேல்துணிக்குக் கீழே தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் கேன்வாஸை ஒட்டி, அந்த இரண்டில் மட்டும் முதலில் தைத்து முடித்தேன். வரவேண்டிய சுருக்கம் அங்கேயே வந்துவிட்டது. அதை இஸ்திரி போட்டு நேராக்கிய பிறகுதான் பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் சேர்த்து, கச்சாத் தையல் போட்டு நிறுத்தினேன். தொடக்கத்திலேயே எல்லாப் பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக விட்டிருந்ததால் சுருங்கிய பின்னும் 30க்கு 40 வெட்ட இடம் இருந்தது. பஞ்சு விரிப்பு மெல்லிய பருத்தி. கம்பளி விரிப்பு அழகாக மேலெழும்பும். இந்த வேலைக்கு அந்த எழும்பல்தான் எதிரி.

புறத்தோலை மேலே வைத்ததில் ஒரு கூடுதல் லாபமும் கிடைத்தது. அடர்ந்த தையல் துணியை விறைப்பாக்கும். விறைத்த பகுதி மேலே இருப்பதால், குவில்ட் மாட்டிய இடத்தில் தொய்யாமல் தன்னைத்தானே தாங்குகிறது. தண்டின் ஓரம் தண்டுக்குச் செய்யும் வேலையைத் துணியிலும் கொஞ்சம் செய்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

செல் சுவர்கள்

தளத்திசுவின் செல்கள் நெருங்கி அமர்ந்த பல்கோணங்கள். மூன்று சுவர்கள் ஒரு புள்ளியில் சேரும். ஒவ்வொரு செல்லுக்கும் சராசரியாக ஆறு பக்கங்கள். சோப்பு நுரையைத் தட்டையாக அழுத்தினாலும் இதே வலைதான்.

இதை மெஷினில் தைக்க, பிரஷர் ஃபுட்டைக் குவில்ட்டுக்கான வளைய ஃபுட்டாக மாற்றி, துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை ஓட்டவேண்டும். ஊசி நிற்கும் இடத்தில் நிற்கும், துணிதான் ஓடும். நூலை வெட்டாமல் தொடர்ந்து தைப்பதுதான் இந்த முறையின் அழகு. ஆனால் ஒரு வலையை, போன கோட்டிலேயே திரும்பப் போகாமல் ஒரே ஓட்டத்தில் வரைய முடியுமா? கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கொடுத்துவிட்டார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது. செல் வலையில் எல்லாப் புள்ளியிலும் மூன்று கோடுகள். ஆக, எப்படித் தொடங்கினாலும் முடியாது.

தீர்வைத் தாவரமே வைத்திருக்கிறது. இரண்டு செல்களுக்கு நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் அதனதன் சுவர் உண்டு. இரண்டையும் ஒட்டவைக்கப் பெக்டின் நிறைந்த ஒரு மெல்லிய அடுக்கு நடுவில் இருக்கிறது. பாரன்கைமாவில் மூன்று செல்கள் சேரும் மூலையில் சுவர்கள் முழுக்க ஒட்டாமல் சிறு முக்கோண இடைவெளியும் விடும், காற்று அதன் வழியாகப் போகும். எனவே வலையை வரைவதை விட்டுவிட்டு ஒவ்வொரு செல்லையும் தனி வளையமாகத் தைக்க ஆரம்பித்தேன். ஒரு வளையத்தை மூடி, அதே சுவரின் மேல் பாதி தூரம் போய், அங்கிருந்து பக்கத்து வளையத்தைத் தொடங்கினால் நூல் அறுபடாது. பக்கத்துச் செல்களின் சுவர் தானாகவே இரட்டைக் கோடாக விழுகிறது. மூலைகளை லேசாக உருட்டித் தைத்தால் அந்த முக்கோண இடைவெளிகளும் தாமாகவே வருகின்றன. நுண்ணோக்கியில் பார்த்ததைப் பார்த்து வரைந்தபோது வராத உயிர், அது கட்டப்பட்ட முறையில் தைத்தபோது வந்தது.

பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையின் வேகமும் மெஷினின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் தையல் ஓரிடத்தில் குட்டையாகவும் இன்னோரிடத்தில் நீளமாகவும் விழும். மெஷினைச் சீராக ஓட்டிக்கொண்டு கையை மெதுவாக்குவதே நல்லது. 90ஆம் எண் ஊசியும் மெல்லிய பாலியஸ்டர் பாபின் நூலும் எனக்குச் சரிப்பட்டன. மேல்நூல் அடித்துணியில் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைக் குறை சொல்லவேண்டாம். பெரும்பாலும் மேல் டென்ஷன்தான் தளர்ந்திருக்கும்.

கற்றைகளின் முகம்

இவை அப்ளிக் வேலை, அதாவது துணித்துண்டை இன்னொரு துணியின் மேல் பதித்துத் தைப்பது. சிவப்புப் பருத்தி வட்டத்தைப் பின்பக்கம் ஒட்டும் பசைத்தாளால் பதித்து, நெற்றியில் லினன் துண்டு வைத்து, கண்கள் வரும் இடங்களில் துணியை வெட்டித் திறந்தேன். திறப்பின் வழியாகக் கீழே வைத்த அடர்நிற ஆர்கன்சா என்ற மெல்லிய துணி தெரிகிறது. உள்ளே தண்ணீர் ஓடும் குழாய் என்பதால் கண்ணை மேலே ஒட்டாமல் ஆழத்தில் காட்ட விரும்பினேன். வாய்க்கும் அதே திறப்பு, விளிம்பு மட்டும் ஒழுங்கில்லாமல், கிழிந்த குழி என்பதால். வெட்டிய ஓரங்களைக் கையால் நெருங்கிய பிளாங்கெட் தையல் போட்டு அடைத்தேன்.

சணல் நூலை ஊசியில் கோத்து இழுத்தால் மல் துணி கிழியும். ஆகவே அதைத் துணியின் மேல் படுக்கவைத்து மெல்லிய நூலால் அங்கங்கே கட்டித் தைத்தேன். நெற்றிப் பக்கமும் வாய்ப் பக்கமும் இரண்டு மூன்று சுற்று, கன்னங்களில் ஒரு சுற்று. உறை உண்மையிலும் அந்த இரண்டு முனைகளில்தான் தடிப்பு.

8 மி.மீ. வட்டங்களில் இதையெல்லாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அங்கே ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டு பிரெஞ்சு முடிச்சு, அவ்வளவுதான். பெரிய முகங்களை முதலில் பார்த்துவிட்ட கண், சின்னப் புள்ளிகளிலும் முகத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது.

வேலை நடக்கும்போதெல்லாம் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். சிவப்பும் பச்சைநீலமும் பக்கத்தில் இருக்கும்போது கண் அந்த நிற மோதலில் மயங்கி, வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கவனிக்காது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்த இடங்களில் சணலின் மேல் இன்னொரு அடர்நூலை ஓடவிட்டேன்.

ஓரமும் மாட்டலும்

தைத்து முடித்த குவில்ட்டை நனைத்து, ஒட்டப் பிழிந்து, தெர்மகோல் பலகையில் சதுரம் பார்த்து நெருக்கமாக ஊசி குத்திக் காயவிட்டேன். முழுக்கக் காயும்வரை எடுக்கக் கூடாது. மிச்சமிருந்த சிறு அலைகளெல்லாம் இதில் படிந்தன. அளவுக்கு வெட்டியது அதற்குப் பிறகு.

ஓரத்தில் பட்டி வைத்தால் அது சட்டம் போல ஆகிவிடும். தண்டு அங்கே முடிந்துவிட்டது என்று சொல்லிவிடும். இது வெட்டியெடுத்த ஒரு பகுதி, எல்லாப் பக்கமும் தொடர்வது. அதனால் பட்டி வைக்காமல், நைட்டியின் கழுத்துக்கு வைப்பதைப் போல ஃபேசிங் துணியை முன்பக்கம் வைத்துத் தைத்து, முழுவதையும் பின்னால் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தேன். கீழ் ஓரத்தில் ஒரு பெரிய முகம் பாதியில் வெட்டுப்படுகிறது. அது அப்படித்தான் இருக்கவேண்டும்.

பின்பக்கம் மேலே ஒரு துணிக்குழாய், அதற்குள் தட்டையான மரச்சட்டம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து நிழல் சுவரில் மாட்டியிருக்கிறேன். அருங்காட்சியகங்கள் துணிப் பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தைத்தான் அனுமதிக்கின்றன. வீட்டில் அவ்வளவு இருட்டாக வைக்க முடியாது, நேர் வெயில் படாமல் காப்பாற்றலாம்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது மேலே அடர்ந்து கீழே கரையும் ஒரு நிறச் சரிவு. ஓரிரு அடி தூரத்தில் வந்தால்தான் முகங்கள். நுண்ணோக்கி தரும் அனுபவமும் இந்த வரிசையில்தான், எனவே இதில் எனக்குத் திருப்தி. கைக்கு எட்டும் தூரத்தில் மாட்டியிருந்தால் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன், அந்த மறைந்த சுருள் தையல் விரலுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஈரம் மிகுந்த நாள்களில் மேல் வில்லின் வலது முனை லேசாக முன்னால் சாய்கிறது. காரணம் சணல். சாதாரண காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், லினன் 12, சணல் 13.75. சணல் உறை போட்ட கற்றைகள் நெருங்கி விழுந்த அந்த முனையில் சணல் நூலும் அதிகம், அதனால் அங்கே மட்டும் துணி மற்ற இடத்தைவிடக் கூடுதலாக உப்புகிறது. காற்று காய்ந்ததும் படிந்துவிடுகிறது. அடுத்து எடுத்திருப்பது சூரியகாந்தித் தண்டு. அதில் கற்றைகள் ஒரே வளையமாக அமர்ந்திருக்கும், நடு முழுக்க மென்மையான நெட்டி. ஒரு வளையம் முழுவதும் தையல் இழுத்தால் உள்வட்டம் எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கப்படும், வெளியேற வழியே இல்லை. அதற்கான மாதிரித் துண்டுகளில் வளையத்தின் சணலைக் குறைத்து, உறையைப் பருத்தி நூலாலேயே கட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன்.